வீட்டு வட்டு

ஒரு காலத்தில் கட்டைவிரல் உயரமே உள்ள ஒரு படை இருந்தது. மொத்தம் இருபத்துநாலு பேர். மடைக்காவல் படை என்று பெயர். ஏரி மடையைக் காக்கும் வீரர்கள் என்று பாவனை. ஆனால் அவர்களில் ஒருவர்கூட ஏரியைக் கண்ணால் பார்த்ததில்லை. திருச்சியில் ஒரு மாடி வீட்டு அலமாரியில், ஸ்பான்ச் வெட்டிச் செய்த பெட்டிக்குள் ஆளுக்கொரு குழியில் படுத்திருப்பார்கள். போட்டி நாளில் மட்டும்தான் வெளிச்சத்துக்கு வருவார்கள்.

அவர்களுக்குச் சொந்தக்காரி தமயந்தி. வாரம் முழுக்கக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் போர். பெரிய மேஜையில் பொம்மைக் குன்றுகளையும் பொம்மைக் காடுகளையும் பரப்பி, டேப்பால் அளந்து படையை நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடும் ஆட்டம் அது. ஓரமாக நின்று பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். மேஜை மேல் நிற்கிறவர்களுக்குச் சிரிப்பு வராது.

இந்தப் பொம்மைகள் சாவதில்லை. வெட்டுப்பட்டவரைத் தமயந்தி மேஜையிலிருந்து எடுத்து, பக்கத்து நாற்காலியில் வைத்திருக்கும் எவர்சில்வர் தட்டில் படுக்க வைப்பாள். "அவன் தட்டுக்குப் போயிட்டான்" என்று மற்றவர்கள் சொல்வார்கள். ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் பெட்டிக்குத் திரும்பிவிடுவார்கள். ஆகையால் சாவு என்கிற சொல்லே அவர்கள் பேச்சில் கிடையாது.

அந்தப் படையில் கடைசியாகச் சாயம் பூசப்பட்டவன் ஓர் ஈட்டிக்காரன். அவன் பாதத்தின் அடியில் 24 என்று பேனாவால் எழுதியிருந்தது. அதனால் அவன் பெயரே இருபத்துநாலு என்று ஆகிவிட்டது. மற்றவர்களுக்கெல்லாம் வாள் முனையிலும் மூக்கு நுனியிலும் சாயம் உரிந்துபோயிருக்கும். இவன் மட்டும் பொண்ணு பார்க்கப் போகிறவன் மாதிரி பளபளவென்று இருப்பான். காரணம், ஆறு வருஷத்தில் இவன் ஒரு எதிரியைக்கூடக் கிட்டத்தில் பார்த்ததில்லை.

மேஜையில் ஐந்து இடங்களில் வட்டமான வில்லைகளை வைப்பார்கள். ஆட்டம் முடியும்போது எந்த வட்டில் யார் நிற்கிறார்களோ, அந்த வட்டின் புள்ளி அவர்களுக்கு. தமயந்தி உட்காரும் பக்கத்து ஓரத்தில், சண்டை நடக்கும் இடத்துக்கு வெகு தூரத்தில் இருப்பது வீட்டு வட்டு. ஆட்டம் தொடங்கும்போதே இருபத்துநாலைக் கொண்டுபோய் அதில் வைத்துவிடுவாள். அதன்பின் மூன்று மணி நேரம் அவனை யாரும் தொடமாட்டார்கள்.

திரும்பி வரும்போது பெட்டிக்குள் ஒரே கதையளப்பாக இருக்கும். வில்லாளி தான் வீழ்த்திய குதிரையைப் பற்றிச் சொல்வான். கோடாலிக்காரன் தன்னை மூன்று பேர் சேர்ந்து தட்டுக்கு அனுப்பியதைப் பெருமையாகச் சொல்வான். முறை சுற்றிவந்து இவனிடம் நிற்கும்.

"நீ என்னப்பா பண்ணினே?"

"நின்னேன்."

பெட்டி முழுக்கச் சிரிப்பு. கெட்ட மனசோடு சிரித்த சிரிப்பில்லை. ஆனாலும் இவனுக்கு அது உள்ளே போய்த் தைக்கும்.

முரசுக்காரி மட்டும் சிரிப்பை அடக்கிக்கொள்வாள். இருபத்துமூன்றாவதாகச் சாயம் பூசப்பட்டவள் அவள். இவனுக்குப் பக்கத்துக் குழி.

"கோவிச்சுக்காதே. உன்னைய மாதிரி நிக்க எங்களுக்கு வராது" என்பாள்.

"நிக்கிறதுக்கு என்ன பெரிய வித்தை வேணும்? உப்பு டப்பாவைக் கொண்டுவந்து வெச்சாக்கூட நிக்கும்."

"உப்பு டப்பாவுக்கு ஓடிரலாமான்னு தோணாதே" என்பாள் முரசுக்காரி.

அவனுக்குத் தோன்றியது. ஒவ்வோர் ஆட்டத்திலும் தோன்றியது. ஒரே ஒரு தடவை ஈட்டியை நீட்டிக்கொண்டு ஓடவேண்டும், ஒரே ஒருவனையாவது எதிரில் நின்று குத்தவேண்டும், எல்லாரும் அதைப் பார்க்கவேண்டும். அதற்குப் பிறகு ஆயுசு முழுக்கத் தட்டில் கிடந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

பொம்மைகள் தாமாக நகர முடியாது என்பது உண்மைதான். ஆனால் விரல் பட்டதும் பொம்மையின் ஆசை விரல் வழியாக மேலே ஏறிவிடும். மனிதர்கள் அதைத் தங்கள் சொந்த யோசனை என்று எண்ணிக்கொள்வார்கள். இது பொம்மைகள் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் நல்ல பொம்மைகள் விரல் படும்போது எதையும் ஆசைப்படாமல் இருக்கப் பழகியிருந்தன.

தமயந்தி தனியாக ஆடுகிறவள் அல்ல. ஐந்து பேர் கொண்ட அணி. கேப்டன் ஷாகுல். ஓர் அணியோடு ஓர் அணி மோதினால், ஐந்து மேஜையில் ஐந்து ஆட்டம் ஒரே நேரத்தில் நடக்கும். ஒரு மேஜைக்கு இருபது புள்ளி. அதை ஆடுகிற இருவரும் பிரித்துக்கொள்ள வேண்டும். நன்றாக ஜெயித்தால் பதினெட்டு வரும், மோசமாகத் தோற்றால் இரண்டு வரும். ஐந்து மேஜையையும் கூட்டி எந்த அணிக்கு ஐம்பதுக்கு மேல் வருகிறதோ அந்த அணி ஜெயித்தது.

யார் யாரோடு மோதுவது என்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு கேப்டன் முதலில் தன் ஆள் ஒருவரின் பெயர் எழுதிய சீட்டை மேஜையில் வைக்கவேண்டும். எதிரணி அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, அவரை நொறுக்குவதற்குத் தோதான ஆளாகப் பார்த்து இறக்கும். முதல் சீட்டாகப் போகிறவருக்கு எப்போதும் பலமான எதிரிதான் வாய்ப்பான். அந்த இடத்தில் போய், தோற்றாலும் கொஞ்சமாகத் தோற்றுவிட்டு வந்தால், மற்ற நாலு பேர் ஜெயித்துக்கொள்வார்கள்.

ஷாகுல் எப்போதும் வைக்கிற முதல் சீட்டு தமயந்தி.

அதனால் ஆறு வருஷமாக அவள் அணி எத்தனையோ தடவை ஜெயித்திருக்கிறது. அவள் மேஜை ஒரு தடவையும் ஜெயித்ததில்லை. எட்டுக்குப் பன்னிரண்டு, ஏழுக்குப் பதின்மூன்று என்று எடுத்து வருவாள். மற்றவர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு படம் பிடித்துக்கொள்ளும்போது தங்கள் தங்கள் படையின் தளபதியைக் கோப்பைக்குள் நிறுத்துவார்கள். அவள் மட்டும் தன் பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓரத்தில் நின்று சிரிப்பாள்.

அந்த வருஷம் இறுதிப் போட்டி சேலத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பந்தி மேஜைகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் போட்டு, மேலே பச்சைத் துணி விரித்திருந்தார்கள். மணமக்கள் உட்காரும் மேடையில் கோப்பையும் புள்ளி எழுதும் பலகையும் இருந்தன. எதிரணி சென்னை. ஷாகுல் வழக்கம்போல் முதல் சீட்டாகத் தமயந்தியை வைத்தான். சென்னைக்காரர்கள் கொஞ்சமும் யோசிக்காமல் ஜெபஸ்டினை இறக்கினார்கள்.

ஜெபஸ்டின் நல்ல மனிதர். ஆனால் அவருடைய கருங்கவசப் படை பொல்லாதது. அதன் தளபதி ஒரு கறுப்பு எருதின் மேல் உட்கார்ந்திருப்பான். பெயர் கருங்கொம்பன். தனியொருவனாக ஒரு படையைத் தட்டுக்கு அனுப்பிய பெயர் அவனுக்கு உண்டு. அந்தப் படையின் வால் பக்கத்தில் சாயம் பாதிதான் பூசிய ஒரு காலாட்காரனும் இருந்தான். அவசரத்தில் அவனுக்கு முகம் எழுத விட்டுப்போயிருந்தது. அவனை யாரும் கவனிக்கவில்லை.

"என்ன சிஸ்டர், பாத்து ஆடுங்க" என்றார் ஜெபஸ்டின், கை குலுக்கியபடி.

"நான் எப்பவும் பாத்துத்தான் ஆடுவேன்" என்றாள் தமயந்தி.

இருபத்துநாலை எடுத்து வீட்டு வட்டில் வைத்தாள். ஆட்டம் ஆரம்பித்தது.

அன்றைக்குப் போல ஒரு சண்டையை மடைக்காவல் படை அதற்கு முன் கண்டதில்லை. கருங்கொம்பன் நேராக வந்தான். முதல் சுற்றிலேயே வில்லாளிகள் நாலு பேர் தட்டுக்குப் போனார்கள். தமயந்தி பின்வாங்கவில்லை. ஜெயிக்கும் எண்ணமும் அவளுக்கு இல்லை. வீட்டு வட்டுக்கு வரும் வழியை மறித்து, வரிசையாக ஆட்களை நிறுத்தினாள். ஒரு வரிசை விழுந்தால் அடுத்த வரிசை. ஒவ்வொரு வரிசையும் கருங்கொம்பனின் ஒரு சுற்றைத் தின்றுவிட்டு விழுந்தது. அந்த ஆட்டத்துக்கு மொத்தம் ஆறு சுற்றுதான்.

இருபத்துநாலு தன் வட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். கோடாலிக்காரன் போனான். வேல்காரர்கள் போனார்கள். தளபதியே ஐந்தாம் சுற்றில் போனார். கடைசியில் அவனுக்கு முன்னால் முரசுக்காரி ஒருத்திதான் மிச்சம்.

எருது அவளை நெருங்கியபோது அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நின்னுரு, என்ன?"

"நீ போறியே..."

"நான் போறது பெரிய விஷயமில்லை. நீ நின்னுரு. அது போதும் எங்களுக்கு."

ஜெபஸ்டின் பகடை உருட்டினார். தமயந்தி முரசுக்காரியை எடுத்துத் தட்டில் படுக்க வைத்தாள். இருபத்துமூன்று பேர் தட்டில். நாற்காலி மேஜையைவிடத் தாழ்வு. அங்கிருந்து பார்த்தால் மேஜையின் அடிப்பலகைதான் தெரியும். இனி மேலே நடப்பது அவர்களுக்குக் காதில் விழுந்தால்தான் உண்டு.

அப்போது ஷாகுல் வந்தான். மற்ற நாலு மேஜையும் முடிந்துவிட்டன. ஆட்டம் நடக்கும்போது கேப்டன் தன் ஆளிடம் ஒரே ஓர் எண்ணைத்தான் சொல்லலாம், வேறு ஒன்றும் பேசக்கூடாது என்பது போட்டி விதி. ஷாகுலின் முகம் வியர்த்திருந்தது.

"ஒம்பது" என்றான்.

நாலு மேஜையிலும் சேர்த்து நாற்பத்திரண்டு வந்திருக்கிறது என்று தமயந்திக்குப் புரிந்தது. அவள் ஒன்பது கொண்டுவந்தால் ஐம்பத்தொன்று. கோப்பை திருச்சிக்கு. அவள் மேஜையைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். இப்போதிருக்கிற நிலையில் ஆட்டம் முடிந்தால் வீட்டு வட்டுக்கு ஐந்து, அதுவரை வீழ்த்திய எதிரிகளுக்கு நாலு, ஆக அவளுக்கு ஒன்பது, ஜெபஸ்டினுக்குப் பதினொன்று. சரியாக ஒன்பது. இருபத்துநாலு இருந்த இடத்தில் இருந்தால் போதும்.

ஷாகுல் போய்விட்டான். கடைசிச் சுற்றில் அவளுக்கு ஒரு நகர்வு, அதன்பின் ஜெபஸ்டினுக்கு ஒரு நகர்வு. ஆட்டத்தின் கடைசி நகர்வில் வெட்டுக் கிடையாது, ஆள் நிற்கும் வட்டில் இன்னொருவர் ஏறவும் முடியாது. அத்தோடு சரி.

அப்போதுதான் பகடை பேசியது.

சிவப்புப் பகடை அது. கேட்காமலே பேசும் வழக்கம் உடையது. துணி மேல் மல்லாந்து கிடந்தபடி இருபத்துநாலைப் பார்த்துச் சொன்னது:

"தம்பி, முன்னாடி நிக்கிறது யாருன்னு தெரியுதா?"

"கருங்கொம்பன்."

"அடி வாங்கி வாங்கி எப்படிக் கெடக்கான் பாரு. உங்க ஆளுங்க இருபத்திமூணு பேரு சேந்து அவன் உசுரை ஒண்ணே ஒண்ணாக் கொறைச்சு வெச்சிருக்காங்க. இன்னும் ஒரு குத்து. நீ ஓடிப்போய்க் குத்து. நான் ஆறு விழறேன்."

"பொய் சொல்றே."

"நான் எப்பவாவது பொய் சொல்லியிருக்கேனா? எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. விழுவேன், இல்லேன்னா விழமாட்டேன். இன்னிக்கு விழறேன். அவனைச் சாய்ச்சா மூணு புள்ளி. உங்க அக்கா ஒம்பதுலேருந்து பன்னெண்டு ஆயிருவா. ஆறு வருஷத்துல மொத தடவையா அவ மேஜை ஜெயிக்கும். யாரால? உன்னால."

இருபத்துநாலுக்கு ஈட்டி கனத்தது. எதிரில் எருது மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. மிக அருகில். இவ்வளவு அருகில் எதிரி என்று ஒருவனை அவன் பார்த்ததே இல்லை.

தூரத்தில், பொம்மைக் காட்டின் ஓரத்தில், முகம் எழுதாத அந்தக் காலாட்காரன் நின்றுகொண்டிருந்தான்.

மேஜை மேல் டேப்பும் சுருண்டு கிடந்தது. அது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. காட்டோரத்திலிருந்து வீட்டு வட்டு எத்தனை அங்குலம் என்று அதற்குத் தெரியும். காலாட்காரன் ஓடினால் எத்தனை அங்குலம் ஓடுவான் என்றும் தெரியும். ஆனால் டேப்பின் குணம் பகடையின் குணத்துக்கு நேர் எதிர். யாராவது இழுத்துக் கேட்டால் ஒழிய வாய் திறக்காது.

தமயந்தியின் கை நீண்டது. ஓரமாக நின்ற இருபத்துநாலை வட்டின் நடுவில் நேராக நிறுத்தத்தான் அவள் கையை நீட்டினாள். விரல் அவன் தோளில் பட்டது.

அவன் ஆசைப்பட்டான்.

அந்த ஆசை விரல் வழியாக மேலே ஏறியபோது, எதிரே இன்னொரு ஆசை இறங்கி வந்துகொண்டிருந்தது. அது தமயந்தியுடையது. ஆறு வருஷமாகப் பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சிரித்தவளின் ஆசை. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு மேஜை. இரண்டும் வழியில் சந்தித்துக்கொண்டன. அவனுக்கும் அவளுக்கும் இத்தனை ஒற்றுமை என்று அந்த நொடிவரை இருவருக்கும் தெரியாது.

அவள் டேப்பை இழுத்தாள். இருபத்துநாலுக்கும் கருங்கொம்பனுக்கும் நடுவே அளந்தாள்.

"ஆறு அங்குலம். எட்டும்" என்றது டேப்பு. பிறகு அது காத்திருந்தது. இன்னொரு கேள்வி வரும் என்று நாக்கை நீட்டிக்கொண்டே காத்திருந்தது.

தமயந்தி காட்டோரம் ஒரு பார்வை பார்த்தாள். காலாட்காரன் ரொம்பத் தொலைவில் இருப்பதாகத் தோன்றியது. பத்து அங்குலத்துக்கு மேலே இருக்கும் என்று கண்ணாலேயே மதிப்புப் போட்டாள். டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டாள்.

"சார்ஜ்" என்றாள். பாய்ந்து தாக்குவதற்கு ஆட்டத்தில் அதுதான் சொல். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

ஜெபஸ்டின் நிமிர்ந்து பார்த்தார். "இவன் வர்றானா? வட்டை விட்டுட்டு?"

"ஆமா. வர்றான்."

இருபத்துநாலு வட்டை விட்டு இறங்கினான். துணி அவன் காலடியில் பின்னுக்கு ஓடியது. எருதின் கண் பெரிதாகிக்கொண்டே வந்தது. கருங்கொம்பன் குனிந்து பார்த்தான். இப்படி ஒருவன் இந்தப் படையில் இருக்கிறானா என்று கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை. அதற்காகத்தான் இருபத்துநாலு ஆறு வருஷம் காத்திருந்தான்.

பகடை உருண்டது. சொன்ன வாக்கைக் காப்பாற்றியது. ஆறு.

"அய்யோ!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் ஜெபஸ்டின். உடனே சிரித்தபடி எழுந்து நின்று கை தட்டினார். மேஜையைச் சுற்றி நின்றவர்களும் தட்டினார்கள். முடிந்துபோன மேஜைகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்து, "எந்த ஆளு? எந்த ஆளு?" என்று கேட்டுக் கேட்டுத் தட்டினார்கள். ஒருவன் கைபேசியை இருபத்துநாலின் மூக்குக்கு நேரே பிடித்துப் படம் எடுத்தான். ஈட்டி முனையில் சாயம் உரிந்திருந்தது. அவனுக்கு உடம்பெல்லாம் சூடாக இருந்தது. சந்தோஷத்தில் அவனுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

கைதட்டல் அடங்கியது. ஜெபஸ்டின் உட்கார்ந்தார். அவருக்கு இன்னும் ஒரு நகர்வு பாக்கி இருந்தது. மேஜை முழுக்க ஒரு பார்வை ஓட்டினார். பிறகு டேப்பை எடுத்து, காட்டோரத்திலிருந்து வீட்டு வட்டுவரை இழுத்தார்.

கேட்டதும் டேப்பு சொல்லிவிட்டது. "ஒன்பதரை."

காலாட்காரன் ஓடினால் பத்து.

முகம் எழுதாத அந்தக் காலாட்காரன் யாரையும் குத்தவில்லை, யாரையும் வெட்டவில்லை. அவனுக்கு யாரும் கை தட்டவும் இல்லை. ஜெபஸ்டின் அவனை எடுத்து வைத்தார். அவன் காலியாக இருந்த வீட்டு வட்டில் வந்து நின்றான். ஆட்டம் முடிந்தது.

வீட்டு வட்டுக்கு ஐந்து புள்ளி. அது தமயந்தியின் பன்னிரண்டிலிருந்து கழன்று ஜெபஸ்டினின் எட்டோடு சேர்ந்தது. அவளுக்கு ஏழு, அவருக்குப் பதின்மூன்று. நாற்பத்திரண்டும் ஏழும் நாற்பத்தொன்பது.

தமயந்தி எழுந்து மேடைக்குப் போனாள். இருபத்துநாலைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். பிடித்திருக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. ஷாகுல் பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். எண்ணைக் கேட்டான். சொன்னாள். அவன் அதை எழுதிவிட்டுச் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தான். மற்ற மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏன் தமயந்தி?" என்றான் ஷாகுல். கோபமே இல்லாமல் கேட்டான்.

"தெரியல ஷாகுல். கை போயிருச்சு."

"சரி விடு. சூப்பர் சார்ஜுன்னு ஊரே சொல்லுது. அந்த எடத்துல நானா இருந்தாலும் போயிருப்பேன்."

"நீ போயிருப்பே. நான் போகமாட்டேன்னுதானே என்னைய அங்க வெச்சே?"

ஷாகுல் அவள் தோளில் தட்டிக்கொடுக்கக் கை எடுத்துப் பாதியில் விட்டுவிட்டான்.

கைக்குள் இருந்த இருபத்துநாலு இதைக் கேட்டான். ஒன்றுக்கும் ஆகாதவன் என்பதால் தன்னை ஒரு மூலையில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றுதான் இத்தனை நாளும் அவன் எண்ணியிருந்தான். அங்கே நிறுத்துவதற்கு ஆள் தேடி, இருபத்துநாலு பேரிலும் அவன் ஒருவனைத்தான் தமயந்தி நம்பினாள் என்பது இப்போது உறைத்தது. உறைத்து என்ன பயன்? வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

தமயந்தி மேஜைக்குத் திரும்பினாள். தட்டில் கிடந்தவர்களை ஒவ்வொருவராக எடுத்து, துணியால் துடைத்து, பெட்டியில் அவரவர் குழியில் படுக்க வைத்தாள். வில்லாளிகள், வேல்காரர்கள், கோடாலிக்காரன், தளபதி, முரசுக்காரி. அவசரப்படாமல் வைத்தாள். கடைசியாக இருபத்துநாலைத் துடைத்தாள். ஈட்டி முனையில் சாயம் உரிந்த இடத்தை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். அவனைத் திட்டவில்லை. அவன் குழியில் அவனை வைத்து மூடியைப் போட்டாள்.

பெட்டிக்குள் இருட்டு. யாரும் அன்றைக்குக் கதையளக்கவில்லை. எல்லாரும் அவன் பக்கமே திரும்பியிருந்தார்கள். தட்டில் கிடந்தபோது அவர்கள் எதையும் பார்க்கவில்லை. மண்டபத்து இரைச்சலில் பேச்சும் காதில் விழவில்லை, ஆனால் கைதட்டலைக் கேட்டிருந்தார்கள்.

"அம்மாடி, என்னா கைதட்டல்!" என்றான் கோடாலிக்காரன். "நாற்காலியே அதிர்ந்துச்சுப்பா."

"மொத தடவையா நம்ம மேஜைக்குக் கை தட்டியிருக்காங்க" என்றார் தளபதி. "நாங்க விழுந்தது வீண்போகலைன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"நான்தான் சொன்னேனே, இவன் நிப்பான்னு" என்றாள் முரசுக்காரி. பக்கத்துக் குழியிலிருந்து அவள் மெதுவாகக் கேட்டாள். அவள் சிரித்துக்கொண்டிருப்பது இருட்டிலும் அவனுக்குத் தெரிந்தது.

"நின்னேதானே?"

தான் கருங்கொம்பனை நேருக்கு நேர் குத்திச் சாய்த்ததைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"இல்லை" என்றான்.

அந்தச் சண்டையில் இருபத்துமூன்று பேரும் செத்தது அப்போதுதான்.